பழைய போர்க்காலத் தோட்டாக்கள்: அடையாளம் காண்பதும் சேகரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களின் தோட்டாக்கள் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கின்றன. தாத்தாவின் டிரங்குப் பெட்டி, பழைய சாமான் கடையின் டப்பா, வீட்டை இடித்துக் கட்டும்போது கிடைத்த பொட்டலம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. இது என்ன, எந்த நாட்டுடையது, இன்னும் வெடிக்குமா, வைத்துக்கொள்ளலாமா? பல வருடங்களாகப் பலருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். முதல் கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

மண்ணில் ஏதோ கிடக்கிறது, பழைய குண்டு மாதிரி இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாமா?

தொடாதீர்கள். காலால் தட்டாதீர்கள், மண்ணைத் துடைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பி நடந்து, போலீசுக்குச் சொல்லுங்கள். இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் வைத்தால் போதும், அதையும் தள்ளி வையுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? சரி, இப்போது அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீரில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது, வண்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது எல்லாம் ஆபத்தைக் கூட்டும் வேலைகள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். அவர்கள் வருவார்கள், அது அவர்களுடைய வேலை.

இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன். பீரங்கிக் குண்டின் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் அமைப்பு, சுடுவதற்கு முன் பூட்டித்தான் இருக்கும். சுடும்போது ஏற்படும் பலத்த அதிர்வும், குழலுக்குள் உண்டாகும் சுழற்சியும் சேர்ந்துதான் அந்தப் பூட்டைத் திறக்கின்றன. ஆக, சுடப்பட்டு, விழுந்து, வெடிக்காமல் போன குண்டு என்றால் பூட்டு திறந்த நிலையில் நிற்கும் குண்டு என்று பொருள், எதனால் நின்றது என்பது யாருக்கும் தெரியாது. இதோடு வயதும் சேர்கிறது. முதல் உலகப் போரில் பல நாடுகள் குண்டுக்குள் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்தை நிரப்பின. அது உலோகத்தோடு சேர்ந்து காலப்போக்கில் பிக்ரேட் உப்புகளாக மாறும், இவை மூல மருந்தைவிடச் சீக்கிரம் வெடிப்பவை. பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்சிலும் விவசாயிகள் ஒவ்வொரு உழவிலும் இப்படிப்பட்ட குண்டுகளைக் கிளறி எடுக்கிறார்கள், அதற்கு 'இரும்பு அறுவடை' என்றே பெயர். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் முதல் உலகப் போர்க் குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். நூறு வருடம் மண்ணில் கிடந்த இரும்பு அது.

தோட்டா, குண்டு, உறை என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். எது எது?

பேச்சில் எல்லாம் ஒன்றுதான், சேகரிப்பில் பிரித்துச் சொல்லியே ஆகவேண்டும். முழுதாகத் துப்பாக்கிக்குள் போவது தோட்டா. அதன் நுனியில் இருந்து பறந்து போவது குண்டு. பித்தளையிலோ எஃகிலோ செய்த கூடுதான் உறை. உறைக்குள் இருப்பது மருந்து. அடியில் நடுவே வட்டமாகத் தெரிவது பிரைமர், துப்பாக்கியின் ஊசி குத்தும் இடம். அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் அடிமுத்திரை என்று சொல்கிறேன்.

எந்த அளவு வரை ஒருவர் சேகரிக்கலாம்?

என் கருத்தைச் சொல்கிறேன், கடுமையாக இருக்கும். கைத்துப்பாக்கி, ரைஃபிள், இயந்திரத் துப்பாக்கி தோட்டாக்கள், அதுவும் செயலிழக்கச் செய்தவை மட்டும். 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போனால் குண்டுக்குள்ளேயே வெடிமருந்தும் ஃபியூசும் இருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கக் கொழுத்த தோட்டா மாதிரி இருக்கும், உண்மையில் அது சின்னப் பீரங்கிக் குண்டு. கையெறி குண்டு, மோர்ட்டார், கண்ணிவெடி பக்கம் போகவே போகாதீர்கள்.

சிறிய தோட்டா என்றால் முன்னால் இருப்பது வெறும் ஈயம்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் 7.92 மி.மீ. அளவில் 'பி' (B) தோட்டா என்று ஒன்று உண்டு, சாதாரண ரைஃபிள் தோட்டா போலத்தான் இருக்கும், ஆனால் பட்டதும் வெடிக்கும்படி உள்ளே பாஸ்பரசும் வெடிமருந்தும் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் ஜெப்பெலின் வான்கப்பல்களை எரிக்க பிரிட்டன் .303 (அங்குலக் கணக்கு) அளவில் செய்த பக்கிங்ஹாம் குண்டுக்குள்ளும் பாஸ்பரஸ்தான்.

அடிமுத்திரையை எப்படிப் படிப்பது?

இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு லென்ஸ், பக்கவாட்டில் இருந்து விழும் வெளிச்சம், இரண்டும் போதும். நேராக மேலிருந்து விளக்கை அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சரிவாக அடித்தால் தேய்ந்த எழுத்தின் ஓரம்கூட நிழலாக எழுந்து நிற்கும்.

பிரிட்டிஷ் .303 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர், எல் என்ற இரண்டு எழுத்துக்கு நடுவே மேல்நோக்கிய ஒரு அம்புக்குறி இருந்தால் அது ஊல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரி. ஆர், ஜி என்றால் ராட்வே கிரீன். கே என்றால் கைநாக் நிறுவனம். கே, எஃப் என்ற எழுத்துகளோடு அம்பு இருந்தால் இந்தியாவில் புனே அருகே உள்ள கிர்க்கி தொழிற்சாலை. பக்கத்தில் வருடம் இருக்கும், சில சமயம் நான்கு இலக்கம், சில சமயம் இரண்டு. அப்புறம் ரோமன் எண்ணில் 7 என்று இருந்தால் அது மார்க் 7 சாதாரணக் குண்டு, 1910ல் வந்து இரண்டு போர்களிலும் ஓடியது. இரண்டாம் போரின் கடைசிக் கட்டத்தில் ரோமன் எண்ணை விட்டுச் சாதாரண 7 போட ஆரம்பித்தார்கள். எண்ணோடு எழுத்து சேர்ந்தால் வேறு வகை: ஜி என்றால் ஒளிக்கோடு விட்டுப் போகும் ட்ரேசர், டபிள்யூ என்றால் கவசம் துளைப்பது, பி (B) என்றால் தீமூட்டுவது. எண்ணுக்குப் பின்னால் இசட் இருந்தால் உள்ளே கார்டைட் என்ற வழக்கமான பிரிட்டிஷ் மருந்துக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து.

ஜெர்மன் ரைஃபிள் தோட்டாவின் அடியை ஒரு கடிகார முகம் மாதிரி பாருங்கள். 12 மணி இடத்தில் தொழிற்சாலைக் குறியீடு, 3 மணியில் உறை எந்த உலோகம் என்பது, 6 மணியில் தயாரிப்புத் தொகுதி எண், 9 மணியில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். ஆரம்பத்தில் 'பி' (P) எழுத்தோடு எண் போட்டுத் தொழிற்சாலையை மறைத்தார்கள், பின்னால் சின்ன எழுத்துக் குறியீடுகளுக்கு மாறினார்கள். ஏ, யூ, எக்ஸ் என்று இருந்தால் மாக்டெபுர்க் நகரத்து போல்ட்டே நிறுவனம். டி, என், எச் (dnh) என்றால் டுர்லாக் நகரத்துத் தொழிற்சாலை. 3 மணியில் எஸ் எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் 72 சதவீதத் தாமிரம் உள்ள பித்தளை. எஸ், டி (St) என்று இருந்தால் எஃகு. வருடம் ஏற ஏற எஃகு உறைகள் அதிகமாவதை ஒரு சின்ன சேகரிப்பிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒரு நாட்டுக்குத் தாமிரம் தட்டுப்படுவது இவ்வளவு தெளிவாக வேறெங்கும் தெரியாது.

அமெரிக்காவுடையது எளிது. எல், சி என்றால் லேக் சிட்டி, எஃப், ஏ என்றால் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை, எஸ், எல் என்றால் செயின்ட் லூயிஸ், டி, டபிள்யூ (TW) என்றால் ட்வின் சிட்டீஸ், கூடவே 42, 43 என்று வருடம். சில உறைகளில் வெறும் 4 மட்டும் இருக்கும், அதைப் பார்த்து 1904 என்றோ 1954 என்றோ முடிவுகட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது 1944. 43 என்று பொறிக்கும் அச்சில் 3ஐ மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, புது அச்சுக்குக் காத்திராமல் மீதியிருந்த 4ஐ வைத்தே ஓட்டினார்கள்.

சோவியத் உறையில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பது தொழிற்சாலை, கீழே இருப்பது வருடம். 17 என்றால் பர்னவூல், 60 என்றால் ஃப்ரூன்சே, 188 என்றால் நோவோசிபிர்ஸ்க், 539 என்றால் தூலா.

ஒன்றை நினைவில் வையுங்கள், அடிமுத்திரை சொல்வது உறை செய்த வருடத்தை மட்டும்தான். அதே உறையில் பிற்பாடு யாராவது வேறு மருந்தும் வேறு குண்டும் வைத்திருக்க முடியும்.

என்னிடம் இருப்பதில் ஒரு எழுத்தும் இல்லை. போலியா?

அவசியம் இல்லை. ஜப்பானிய ராணுவத்தின் 6.5, 7.7 மி.மீ. ரைஃபிள் தோட்டாக்களில் பெரும்பாலும் அடிமுத்திரையே கிடையாது. அவற்றை உறையின் வாய்ப்பகுதியில், குண்டும் உறையும் சேரும் இடத்தில் ஓடும் வண்ண வளையத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். இளஞ்சிவப்பு சாதாரணக் குண்டு, கறுப்பு கவசம் துளைப்பது, பச்சை ட்ரேசர். ஆனால் ஜப்பானியக் கடற்படை வேறு கதை. அவர்கள் பிரிட்டிஷ் வடிவ இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியதால் அவர்களுடைய 7.7 என்பது அளவில் பிரிட்டனின் .303 தோட்டாவேதான். ஒரே நாடு, ஒரே பெயர், பொருந்தாத இரண்டு தோட்டா.

அளந்து பார்த்தால் தெரியாதா?

தெரியும், ஆனால் பெயரில் இருக்கும் எண்ணை நம்பி அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். பள்ளி ஆய்வகத்தில் பிடித்த அந்த வெர்னியரை எடுத்து .303 குண்டின் விட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 7.9 மி.மீ. காட்டும். உடனே 'ஆகா, 7.92, ஜெர்மன்' என்று எழுதிவிடுவார்கள். நிஜ ஜெர்மன் 7.92 குண்டை அளந்தால் 8.2 வரும். பெயரில் உள்ள எண் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். குண்டு குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களையும் நிரப்ப வேண்டும் என்பதால் கொஞ்சம் பருமனாகவே இருக்கும்.

அதனால் உறையின் நீளத்தை அளங்கள், அப்புறம் விளிம்பைப் பாருங்கள். .303க்கு 56 மி.மீ. உறை, அடியில் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். ரஷ்ய 7.62க்கும் விளிம்பு துருத்தும், ஆனால் உறை 54க்குள் முடிந்துவிடும். ஜெர்மன் 7.92க்கு 57, விளிம்பு உறையோடு சமமாக இருக்கும், மேலே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். அமெரிக்க .30-06ம் அதே மாதிரி அடிதான், உறை மட்டும் 63. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்புறம் வெர்னியரே தேவைப்படாது, கண் சொல்லிவிடும்.

நுனியில் சிவப்பு வண்ணம் இருக்கிறது. சிவப்பு என்றால் ட்ரேசர்தானே?

எந்த நாடு என்று முதலில் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டின் நுனி சிவப்பு என்றால் ட்ரேசர். பிரிட்டிஷ் தோட்டாவில் பிரைமரைச் சுற்றிய வளையம் சிவப்பு என்றாலும் ட்ரேசர்தான். ஜெர்மன் தோட்டாவில் அதே வளையம் சிவப்பு என்றால் எஃகு உட்கரு வைத்த, கவசம் துளைக்கும் வகை. பச்சையும் இப்படித்தான்: ஜெர்மன் வளையம் பச்சை என்றால் சாதாரணக் கனத்த குண்டு, பிரிட்டிஷ் வளையம் பச்சை என்றால் கவசம் துளைப்பது. நீலம் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தீமூட்டும் குண்டு, ஜெர்மனிக்கு மென்எஃகு உட்கரு. பிரிட்டிஷ் சாதாரணக் குண்டுக்கு ஊதா வளையம்.

எனவே நாடு தெரியாமல் வண்ணத்தைப் படிக்காதீர்கள். படித்தபின்னும் அதை ஒரு சாட்சியாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். வண்ணம் உதிரும், மங்கும், பிற்பாடு யாரோ பூசியதாகவும் இருக்கலாம்.

எழுபது எண்பது வருடம் ஆகிவிட்டது. இனியும் வெடிக்குமா?

வெடிக்கும். நன்றாக மூடிய, ஈரம் படாத இடத்தில் இருந்த முதல் உலகப் போர்த் தோட்டாக்களே இன்றும் சுடும் நிலையில் இருக்கின்றன. வயது தோட்டாவைச் சாதுவாக்குவதில்லை. எப்போது, எப்படி வெடிக்கும் என்பதைத்தான் நிச்சயமில்லாததாக்குகிறது.

என்னுடையது செயலிழந்ததா இல்லையா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடிந்தது மட்டும்தான் கணக்கு. பிரைமர் இருக்கும் குழி காலியாக இருந்து, உறையில் துளை போட்டு, அந்தத் துளை வழியாக உள்ளே வெற்றிடம் தெரிந்தால் சரி. மற்ற எல்லாமே ஊகம்.

குலுக்கிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை, ஆகவே காலி என்று சொல்பவர்கள் உண்டு. கார்டைட் பற்றித் தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். பழைய .303 உறைக்குள் இருக்கும் கார்டைட் பொடி இல்லை, சேமியா மாதிரி நீண்ட பழுப்புக் குச்சிகள். அவற்றை அந்தக் குறுகலான கழுத்து வழியாக நுழைக்க முடியாது என்பதால் தொழிற்சாலையில் உறை இன்னும் நேர்க்குழாயாக இருக்கும்போதே குச்சிக்கட்டை உள்ளே வைத்து, மேலே ஒரு அட்டைத் தக்கையும் வைத்து, அதன் பிறகுதான் கழுத்தை நெரித்துக் குறுக்கினார்கள். நெருக்கமாக அடைத்த குச்சிகள், மேலே தக்கை. குலுக்கினால் என்ன சத்தம் வரும்?

பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதே என்று இன்னொரு வாதம். குத்தியும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே பள்ளம்தான் இருக்கும். எடை போட்டுப் பார்ப்பதும் அப்படியே, குண்டின் வகை மாறினால் எடையும் மாறும்.

சந்தேகம் இருந்தால் உயிருள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குண்டைப் பிடுங்குவது, பிரைமரைத் தட்டி எடுப்பது, அடுப்பில் சூடு காட்டுவது, எண்ணெயில் ஊறவைப்பது எதையும் வீட்டில் செய்யாதீர்கள், எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்கவும் வேண்டாம். உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடமோ போலீசிடமோ பேசுங்கள். ஒரு தோட்டா கைவிட்டுப் போனால் போகட்டும், அதே வகையில் இன்னொன்று கிடைக்கும்.

மரத்தால் செய்த குண்டு வைத்த தோட்டா ஒன்று இருக்கிறது. ஈயம் தீர்ந்துபோனதால் மரத்தில் செய்தார்களாமே?

பல பேர் நம்பும் கதை இது. செந்நிறச் சாயம் ஏற்றிய அந்த உள்ளீடற்ற மரக் குண்டு ஜெர்மன் பயிற்சித் தோட்டாவுடையது. சுட்டால் சத்தம் மட்டும் வேண்டும், ஆனால் தோட்டா துப்பாக்கிக்குள் ஒழுங்காக ஏறுவதற்கு முன்னால் குண்டு வடிவில் ஏதாவது இருக்க வேண்டும். மரம் குழலுக்கு வெளியே வந்ததும் சிதறிவிடும். பக்கத்தில் நின்றவருக்குக் காயம் ஏற்படுத்தும்தான், அதற்காக அது போர்க்களத்துக்குச் செய்தது ஆகிவிடாது. உள்ளே மருந்தும் பிரைமரும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அழுக்காக இருக்கிறது. பித்தளைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நான் தொடங்கிய புதிதில் ஒரு .303 உறையைத் தங்கம் மாதிரி மின்னும்வரை தேய்த்தேன். துணியில் கறுப்போடு கறுப்பாக ஊதா நிறமும் ஒட்டி வந்ததைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. பிரைமரைச் சுற்றி இருந்த வளையத்தின் வார்னிஷ் அது, அந்த உறை தன்னைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததில் பாதி. இன்றும் அது என்னிடம் இருக்கிறது, மின்னிக்கொண்டு, ஊமையாக.

காலி உறை என்றால் மென்மையான துணி, கொஞ்சம் சுத்தமான தண்ணீர், உடனே நன்றாக உலரவிடுவது, அவ்வளவு போதும். எஃகு உறைகளின் மேல் இருக்கும் அரக்குப் பூச்சு சுரண்டினால் துரு உள்ளே புகுந்துவிடும். ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், அது விஷம், மூச்சோடு உள்ளே போகும். கையாண்டபின் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அம்மோனியா கலந்த திரவங்கள் பித்தளைக்கு எமன். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் போர் நடவடிக்கை குறைவாக இருக்கும் என்பதால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகளின் கழுத்தில் விரிசல். யாரும் சுடவில்லை, யாரும் கீழே போடவில்லை, தானாக விரிந்திருந்தது. காரணம் 1921ல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்தில் இருந்து எழும் அம்மோனியா, ஈரம், உறையை இழுத்து வளைத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசை, மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும்.

அப்படியானால் எதில் வைப்பது?

ஈரமில்லாத, வெயில் படாத, வெப்பம் ஏறி இறங்காத இடம். ஓக் மரப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும், அருங்காட்சியகங்கள் அதைத் தவிர்ப்பது அதனால்தான். அமிலமில்லாத அட்டை நல்லது. வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வையின் உப்பு சில மாதத்தில் உங்கள் ரேகையை அப்படியே பித்தளையில் பொறித்துவிடும்.

பூ ஜாடி மாதிரி வேலைப்பாடு செய்த பெரிய பித்தளை உறை வீட்டில் இருக்கிறது. அதுவும் ஆபத்தா?

முதல் உலகப் போரில் சிப்பாய்களும் பக்கத்து ஊர்க் கைவினைஞர்களும் சுட்டுத் தள்ளிய பீரங்கி உறைகளில் செய்தவை இவை. பிரிட்டிஷ் 18 பவுண்டர், பிரெஞ்சு 75 மி.மீ. உறைகள் அதிகம் காணக்கிடைக்கும். அடியைத் திருப்பிப் பாருங்கள், 75 என்ற எண், வருடம், தொழிற்சாலை எல்லாம் அங்கே இருக்கும். மேலே பூவும் கொடியும் தட்டிய கைக்குத் தனிப் பெறுமதி, அடியில் இருக்கும் முத்திரைக்குத் தனிப் பெறுமதி. ஒரே ஒரு எச்சரிக்கை: அடியில் நடுவே இருக்கும் பெரிய பிரைமர் சுடப்படாமல் அப்படியே தங்கியிருக்கும் உறைகளும் உண்டு. அது சந்தேகமாக இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை அதன்மேல் ஆணி அடிப்பது, விளக்காக மாற்றத் துளையிடுவது எதுவும் வேண்டாம்.

சட்டப்படி வைத்திருக்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் உரிமம் வேண்டும், தாத்தா காலத்தது என்பது விலக்கு ஆகாது. கவசம் துளைப்பது, தீமூட்டுவது போன்ற வகைகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும். காலி உறைக்குப் பொதுவாகச் சிக்கல் குறைவு, ஆனாலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் கிடைத்ததை ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் கொண்டுபோகாமல் முதலில் போன் செய்யுங்கள்.

விமானத்தில் எதையும் எடுத்துப் போகாதீர்கள், துளையிட்ட உறையைக்கூட. ஸ்கேனரில் தெரிவது தோட்டாவின் வடிவம் மட்டும்தான், அது காலி என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் விமானம் போய்விடும், சில இடங்களில் வழக்கும் வந்துவிடும்.

பழைய போர்க்களத்துக்குப் போய் நானே தேடி எடுக்கலாமா?

செய்யாதீர்கள். முதல் காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். கடற்கரையும் இதற்கு விலக்கு இல்லை. பால்டிக் கடலின் யூஸ்டோம் தீவுக் கரையில் ஆம்பர் கல் என்று நினைத்து மஞ்சளாக ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டவர்களுக்கு, அது உலர்ந்ததும் தொடையோடு தீப்பிடித்திருக்கிறது. அது போரில் விழுந்த தீக்குண்டுகளில் இருந்து கரை ஒதுங்கிய வெள்ளைப் பாஸ்பரஸ்.

இரண்டாவது காரணம், அங்கே இன்னும் மனிதர்கள் கிடக்கிறார்கள். இறந்த இடத்திலேயே மண் மூடிப்போன சிப்பாய்களை இன்றும் கண்டெடுக்கிறார்கள். பையில் இருந்த தோட்டாவும், பித்தானும், அது கிடந்த ஆழமும் சேர்ந்துதான் இது யார், எந்தப் படைப்பிரிவு என்று சொல்கின்றன. ஒருவர் அந்தத் தோட்டாவை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போனால் அந்த மனிதனின் பெயரும் அதோடு போய்விடக்கூடும். விழுந்த போர் விமானங்களின் சிதைவுகளை உரிமம் இல்லாமல் தோண்டப் பிரிட்டனில் 1986 முதல் தனிச் சட்டமே தடை போடுகிறது, மற்ற பல நாடுகளிலும் அனுமதியில்லாமல் உலோகம் தேடுவது குற்றம்.

எங்கே வாங்குவது? போலியைப் பிடிப்பது எப்படி?

உரிமம் உள்ள வியாபாரிகள், ராணுவப் பழம்பொருள் ஏலங்கள், சேகரிப்பாளர் சங்கங்களின் கூட்டங்கள். சர்வதேச அளவில் இன்டர்நேஷனல் அம்யூனிஷன் அசோசியேஷன், ஐரோப்பாவில் யூரோப்பியன் கார்ட்ரிட்ஜ் ரிசர்ச் அசோசியேஷன் என்று பழைய சங்கங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களின் அறிவு, விற்பனைப் பட்டியலில் கிடைக்காது.

போலி என்பது முழுத் தோட்டாவையே உருவாக்குவதைவிட, சாதாரணத் தோட்டாவை அபூர்வ வகையாகக் காட்டுவதில்தான் அதிகம் நடக்கிறது. நுனியில் வண்ணம் பூசுவார்கள், ஒரு நாட்டு உறையில் இன்னொரு நாட்டுக் குண்டைச் செருகுவார்கள். லென்சில் பாருங்கள். பழைய வண்ணம் தேய்ந்த இடங்களில் மெலிந்தும் பள்ளத்தில் தடித்தும் இருக்கும், புதிது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிந்து, கீறலுக்கு உள்ளேயும் இறங்கியிருக்கும். குண்டைப் பிடுங்கி மறுபடி செருகினால் உறையின் வாய் ஓரத்தில் புதுச் சிராய்ப்பு தெரியும். அடிமுத்திரை ஒன்று சொல்ல, வளையத்தின் நிறம் வேறு சொன்னால் விலையைக் கேட்காமலே கீழே வைத்துவிடுங்கள்.

முதலில் எதைச் சேகரிப்பது?

எல்லாவற்றையும் வேண்டாம். ஒரே அளவை எடுத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போங்கள். .303 காலி உறைகளை மட்டும், 1914 முதல் 1945 வரை வருடத்துக்கு ஒன்று என்று தேட ஆரம்பித்தாலே சில வருடம் ஓடிவிடும், அதற்குள் தொழிற்சாலைகள் திறந்ததும், வேகம் பிடித்ததும், எழுத்து வெட்டும் முறை மாறியதும் எல்லாம் உங்கள் தட்டில் வரிசையாக நிற்கும். இரண்டாவது வழி, தோட்டாவைத் தொடாமலே சேகரிப்பது: வெற்றுப் பெட்டிகள், அவற்றின் லேபிள்கள், ஐந்து தோட்டாவைச் செருகும் தகட்டுக் கிளிப்புகள், பத்துக் கிளிப் போட்டு ஐம்பது தோட்டாவைத் தோளில் மாட்டிக்கொள்ளும் துணிப் பட்டைகள். லேபிளில் தயாரித்த நாளும் தொகுதி எண்ணும் இருக்கும், சட்டச் சிக்கலும் இல்லை, வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்த வழியைத்தான் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வேன்.

ஒவ்வொன்றுக்கும் என்ன குறித்து வைக்கவேண்டும்?

உறையின் நீளம், விளிம்பு வகை, அடிமுத்திரையை அப்படியே வரைந்த படம், வளையம் மற்றும் நுனியின் நிறம், எப்போது யாரிடம் வாங்கியது, செயலிழக்கச் செய்ததற்கான சான்று. படத்தைக் கையால் வரையுங்கள். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள், அதையும் எடுங்கள், ஆனால் வரையும்போதுதான் அம்புக்குறிக்குக் கீழே இருந்த அந்தச் சின்னப் புள்ளி கண்ணில் படும். குறிப்பைத் தோட்டாவின் மேல் ஒட்டாதீர்கள், பசை பித்தளையைக் கறுக்கவைக்கும். ஒரு எண் எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, மீதியை நோட்டில் எழுதுங்கள். கூடவே, உங்களுக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவர் படிக்கும்படி, இதில் உள்ளவை எல்லாம் செயலிழந்தவை என்று மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள்.